அதிபருக்கு பார்ட் சொன்ன பதில்

ஒரு நாட்டின் அதிபர், கார்ட்டூன் குடும்பத்தை வம்புக்கு இழுப்பாரா? அமெரிக்காவில் இழுத்தார்!

1992 ஜனவரி. மறுபடியும் தேர்தலில் நிற்கத் தயாராகிக்கொண்டிருந்தார் ஜார்ஜ் புஷ். மகன் இல்லை, அப்பா புஷ். அமெரிக்கக் குடும்பங்கள் ‘சிம்ப்ஸன்ஸ்’ மாதிரி இல்லாமல் ‘வால்டன்ஸ்’ மாதிரி இருக்க வேண்டும் என்று மேடையில் பேசினார்.

‘வால்டன்ஸ்’, 1930களின் பொருளாதார மந்தத்திலும் ஒற்றுமை குலையாத கிராமத்துக் கூட்டுக் குடும்பத்தின் கதை. சிம்ப்ஸன் வீடோ நேர் எதிர். டோனட்டும் பீருமே கதியென்று கிடக்கும் அப்பா ஹோமர், வாய்த்துடுக்கான பையன் பார்ட்.

‘சிம்ப்ஸன்ஸ்’ கார்ட்டூன் தொடரை எடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? மூன்றே நாளில், மறுஒளிபரப்பான ஒரு எபிசோடின் தொடக்கத்தில் குட்டிக் காட்சி ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள். அதிபரின் பேச்சை டிவியில் சிம்ப்ஸன் குடும்பமே உட்கார்ந்து பார்க்கிறது. பார்ட் அலட்டிக்கொள்ளாமல், தாங்களும் வால்டன்ஸ் மாதிரிதான், மந்தம் தீரட்டும் என்று தாங்களும்தான் வேண்டிக்கொள்கிறோம் என்கிறான். வேலையில்லாத் திண்டாட்டம் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. சுருக்கென்று தைத்திருக்கும்!

அந்த நவம்பரில் புஷ் தோற்றதற்கு பார்ட் காரணமில்லைதான். தொடர் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.