சேர்த்துவிட்டவர் பக்கத்தில் உட்காரட்டும்

ஓசூரிலிருந்து மாலூர் போகும் சாலையில் பாகலூர். கர்நாடக எல்லை அருகிலேயே இருப்பதால், தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே தெருவில் காதில் விழும். ஆலை வேலைக்கோ ரோஜாத் தோட்டத்துக்கோ போக முடியாமல் கைக்குழந்தையுடன் வீட்டில் இருக்கும் பெண்களை இந்தப் பேச்சு எளிதில் ஈர்க்கிறது: “போன் இருந்தா போதும்க்கா, வீட்ல இருந்தே சம்பாதிக்கலாம்.” இங்கிலீஷ் வராதே என்று தயங்கினால், “அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்” என்று பதில் வரும். இந்த வாக்கு எவ்வளவு தூரம் காப்பாற்றப்படுகிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

நேர்மையான வழிகளும் உண்டு. விதித் ஆத்ரேயும் சஞ்சீவ் பர்ன்வாலும் 2015இல் பெங்களூரில் தொடங்கிய மீஷோவை எடுத்துக்கொள்ளலாம். செயலியில் உள்ள சேலைப் படத்தை வாட்ஸ்அப்பில் உறவினருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் அனுப்பி, விலைக்கு மேல் தன் மார்ஜினைச் சேர்த்து ஆர்டர் போடுவார் ரீசெல்லர். சரக்கு வாங்கியவர் வீட்டுக்கே போகும். மார்ஜின் வங்கிக் கணக்குக்கு வரும். முதல் போட வேண்டியதில்லை. பின்னாளில் அந்த நிறுவனம் வாங்குவோருக்கே நேராக விற்பதற்கு அதிகம் நகர்ந்தாலும், கடை வைக்க வழியில்லாத பெண்கள் பலருக்கு முதல் வியாபாரம் இப்படித்தான் அறிமுகமானது.

இடறும் இடங்கள் சின்னவை. ஐஎஃப்எஸ்சி எண்ணில் பூஜ்யத்துக்குப் பதில் ‘ஓ’ எழுத்தைப் போட்டால் பணம் வராது. பின்கோடு தவறினால் பொட்டலம் திரும்பிப் போகும். எல்லாவற்றையும்விட மனதை உடைப்பது ரிட்டர்ன். 400 ரூபாய்ச் சேலைக்கு 80 ரூபாய் மார்ஜின் வைத்து ஒருத்தி விற்றதாக வைத்துக்கொள்வோம். வாங்கியவர் நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிவிட்டால் அந்த 80 ரூபாய் கிடைக்காது. இதை முதல் நாளே சொல்லாவிட்டால், தன்னை யாரோ ஏமாற்றிவிட்டதாகவே அவள் நினைப்பாள்.

2022இல் மீஷோ தமிழ், தெலுங்கு, கன்னடம் உட்பட எட்டு இந்திய மொழிகளைச் சேர்த்தது. நல்ல காரியம். ஆனால் வீட்டில் தெலுங்கு பேசி, தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவதோடு நின்ற ஒருத்திக்கு எந்த மொழியின் எழுத்தும் சரளம் இல்லை. அவளுக்குத் தேவை பக்கத்தில் உட்கார்ந்து, போனைத் தான் பிடுங்கிக்கொள்ளாமல், அவள் விரலாலேயே முதல் ஆர்டரைப் போடவைக்கும் ஒரு ஆள்.

கூகுளும் டாடா அறக்கட்டளைகளும் 2015இல் தொடங்கிய ‘இன்டர்நெட் சாத்தி’ திட்டம் இதைத்தான் செய்தது. கிராமத்துப் பெண் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, அவர் வழியாகவே அந்த வட்டாரப் பெண்களுக்கு இணையத்தைப் பழக்கியது. பாகலூர்ப் பக்கம் இதற்கு இன்னும் பழைய முன்னுதாரணமே இருக்கிறது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும்வரை இந்தப் பகுதி தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, அந்தத் தருமபுரியில்தான் தொடங்கின. வங்கிப் படியேறத் தயங்கிய பெண்களுக்குக் குழுவின் ஊக்குநர்தான் துணை. குழு நன்றாக நடந்தால்தான் அவருக்கும் மதிப்பு.

இணைய வருமானத்துக்கு ஆள் சேர்ப்பவர்களில் பலருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. “உனக்குக் கீழ ரெண்டு ஐடி போடு” என்பதே வேலையாக இருந்தால், புதிதாகச் சேர்ந்தவர் பொருள் விற்கிறாரா என்பது மேலே இருப்பவருக்குப் பொருட்டல்ல. ஆள் சேர்ப்பதிலேயே பணம் புரளும் பிரமிடு திட்டங்களை 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் தடைசெய்கின்றன.

இன்னும் மோசமானது டெலிகிராமில் வரும் ‘டாஸ்க்’ வேலை. வீடியோவுக்கு லைக் போட்டதற்கு முதலில் சிறு தொகை தருவார்கள். பிறகு பெரிய தொகை கட்டச் சொல்வார்கள். இத்தகைய பகுதிநேர வேலை மோசடிகளுக்குப் பயன்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு 2023 டிசம்பரில் முடக்கியது.

ஆகவே புதியவருக்குச் சொல்லித்தரும் முதல் பாடம் படம் அனுப்புவதாக இருக்கக் கூடாது. பணம் பெறுவதற்கு யூபிஐ பின் தேவையில்லை, சேர்த்துவிட்டவரிடம்கூட ஓடிபியைச் சொல்லக் கூடாது, பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழைக்க வேண்டும். இந்த மூன்றையும் அவரவர் வீட்டு மொழியில், வாய்மொழியாக, குழுக் கூட்டத்திலேயே ஊக்குநர்கள் சொல்லித்தரலாம். அதற்கான பயிற்சியை, சுய உதவிக் குழுக்களைக் கவனிக்கும் மாநில அரசின் மகளிர் திட்டம் அவர்களுக்குக் கொடுக்கலாம்.