அன்றாடப் பயண மிதிவண்டிப் போட்டி

அன்றாடப் பயண மிதிவண்டிப் போட்டி என்பது, வேலைக்கோ கல்விக்கோ நாள்தோறும் மிதிவண்டியில் சென்றுவருவோர், அதே வழியில் செல்லும் பிற மிதிவண்டியாளருடன் முறைசாரா வகையில் நடத்தும் வேகப் போட்டி ஆகும். இப்போட்டிக்கு நடுவரோ, தொடக்கக் கோடோ, முடிவுக் கோடோ, பரிசோ இல்லை. போட்டியிடுவோர் பொதுவாக ஒருவரையொருவர் அறியாதவர்கள். தாம் போட்டியிடுவதாக வெளிக்காட்டிக் கொள்வதும் இல்லை. சில வேளைகளில் இருவருள் ஒருவருக்கு மட்டுமே போட்டி நடப்பது தெரியும்.

மிதிவண்டியில் வேலைக்குச் செல்வோர் குறிப்பிட்ட சில சாலைகளில், குறிப்பிட்ட நேரத்தில் திரளும் நகரங்களில் இவ்வழக்கம் காணப்படுகின்றது. ஐக்கிய இராச்சியத்தின் தலைநகரான இலண்டன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும். வெறும் விளையாட்டாகத் தோன்றினாலும், இவ்வழக்கம் உளவியல், இயற்பியல், சாலைப் பாதுகாப்பு, சட்டம் ஆகியவற்றுடன் தொடர்புடையது.

பெயர்

பிரித்தானிய மிதிவண்டியாளர் சிலர் இதனை நகைச்சுவையாக 'சில்லி கம்யூட்டர் ரேசிங்' என்பர். 'அன்றாடப் பயணிகளின் அசட்டுப் பந்தயம்' என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். போட்டியில் முந்தப்பட்டவர் 'ஸ்கால்ப்' எனப்படுகின்றார்.

ஐக்கிய அமெரிக்காவில் 'கேட் சிக்ஸ்', அதாவது 'ஆறாம் வகுப்பு', என்ற பெயர் வழங்குகின்றது. அந்நாட்டில் உரிமம் பெற்ற பந்தய வீரர்கள் திறமைக்கேற்ப வகுக்கப்பட்டபோது, முதல் வகுப்பு மிக உயர்ந்ததாகவும் ஐந்தாம் வகுப்பு நெடுங்காலம் தொடக்க நிலையாகவும் இருந்தன. உரிமம் எதுவும் இன்றி, முதுகில் அலுவலகப் பையுடன் பந்தயம் ஓட்டுவோர் இல்லாத ஆறாம் வகுப்பைச் சேர்ந்தவர் என்பதே இக்கேலியின் பொருள்.

வரலாற்றுப் பின்னணி

பிரித்தானியாவில் பொதுச் சாலையில் நடைபெறும் மிதிவண்டிப் பந்தயம் தொடக்கக் காலத்திலிருந்தே சர்ச்சைக்கு உரியதாக இருந்து வந்துள்ளது. மிதிவண்டிகள் சாலையிலிருந்து முற்றாக விலக்கப்படக்கூடும் என்று அஞ்சிய தேசிய மிதிவண்டியாளர் ஒன்றியம், 1890களில் சாலைப் பந்தயங்களைத் தடை செய்தது. இத்தடையைத் தவிர்க்கும் வழியாக, 1895 ஆம் ஆண்டில் எஃப். டி. பிட்லேக் என்பவரின் முயற்சியால் தனிநபர் நேரப் போட்டி உருவானது. இதில் வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக, இடைவெளி விட்டுப் புறப்பட்டனர். அதிகாலையில், கறுப்பு உடை அணிந்து, பார்ப்பவருக்குப் பந்தயம் எனத் தோன்றாதவாறு ஓட்டுவதே நெறியாகக் கொள்ளப்பட்டது.

வீரர்கள் கூட்டமாகப் புறப்படும் பந்தயத்தை 1942 ஆம் ஆண்டு சூன் 7 அன்று லாங்கோலன் நகரிலிருந்து வுல்வர்காம்ப்டன் நகர் வரை பெர்சி இசுடல்லார்டு நடத்தினார். இதற்காக ஒன்றியம் அவரை விலக்கியது. அதே ஆண்டில் பிரித்தானியப் பந்தய மிதிவண்டியாளர் கழகம் தோன்றியது. இவ்விரு அமைப்புகளும் 1959 ஆம் ஆண்டில் ஒன்றிணைந்தன.

பந்தயம் ஓட்டிக்கொண்டே பந்தயம் ஓட்டாதவர்போல் தோற்றமளித்தல் என்னும் கூறு, பழைய நேரப் போட்டியிலும் இன்றைய அன்றாடப் பயணப் போட்டியிலும் ஒருங்கே காணப்படுகின்றது.

இலண்டனில் போட்டிக்கு ஏற்ற சூழல்

இலண்டனின் மையப் பகுதியில் நுழையும் தானுந்துகளுக்கான நெரிசல் கட்டணம் 2003 ஆம் ஆண்டு பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 2010 ஆம் ஆண்டு சூலையில் பொது வாடகை மிதிவண்டித் திட்டமும், 'மிதிவண்டிப் பெருவழிகள்' எனப்பட்ட தடங்களுள் முதல் இரண்டும் தொடங்கப்பட்டன. அவற்றுள் ஒன்று தெற்கே மெர்ட்டன் பகுதியையும், மற்றொன்று கிழக்கே பார்க்கிங் பகுதியையும் நகர மையத்துடன் இணைத்தன. தேம்சு ஆற்றங்கரையை ஒட்டி, தானுந்துகளிடமிருந்து பிரிக்கப்பட்ட இருவழித் தடம் 2016 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது.

இத்தகைய தடங்கள் முன்னர் பல தெருக்களில் சிதறிச் சென்றவர்களை ஒரே கோட்டில் கொண்டுவந்து சேர்க்கின்றன. வேலை நேரம் பலருக்கும் ஒன்றாகையால், ஒருவர் நாள்தோறும் ஏறத்தாழ அதே ஆட்களை அதே இடத்தில் காண்கின்றார். பெயர் தெரியாத ஒருவர், மிதிவண்டியின் நிறத்தாலோ பையாலோ அடையாளம் காணப்படும் நிரந்தரப் போட்டியாளராக மாறுவது இவ்வாறே.

எழுதப்படாத விதிகள்

போட்டிக்கு முறையான விதிகள் இல்லையெனினும், ஈடுபடுவோரிடையே சில பொதுவான எதிர்பார்ப்புகள் உண்டு.

சிவப்பு விளக்கை மீறிப் பெற்ற முன்னிலை வெற்றியாகக் கொள்ளப்படுவதில்லை. முந்தியவர் உடனே வேகத்தைக் குறைத்துப் பின்னால் வருபவருக்குத் தடையாக இருத்தல் நாகரிகமன்று. அறியாதவரின் பின்சக்கரத்தை ஒட்டி, அவர் கிழிக்கும் காற்றில் இளைப்பாறி, இறுதியில் அவரையே முந்துதல் இழிவாகக் கருதப்படுகின்றது. முந்தும்போது மூச்சிரைப்பையும் களைப்பையும் மறைத்துக்கொள்வது வழக்கம்.

மிதிவண்டியின் வகையும் கணக்கில் கொள்ளப்படுகின்றது. ஏறத்தாழ 23 கிலோகிராம் எடையுள்ள வாடகை மிதிவண்டியில் வருபவர், மெல்லிய பந்தய மிதிவண்டியில் செல்பவரை முந்துவது பெரிய வெற்றியாகக் கருதப்படும். இலண்டனில் தயாரிக்கப்படும் பிராம்ப்டன் என்னும் மடிப்பு மிதிவண்டிக்கும் இது பொருந்தும். 2006 ஆம் ஆண்டில் பார்சிலோனாவில் முதன்முதலாக நடைபெற்ற பிராம்ப்டன் உலகப் போட்டியில், மேற்சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்து ஓட்ட வேண்டும் என்ற விதி, அலுவலகப் பயணியின் இப்போட்டி உணர்வையே வேடிக்கையாக எடுத்துக்காட்டுகின்றது.

இவ்வெற்றிகள் ஒப்பிடத்தக்கவை அல்ல. ஒருவர் அப்போதுதான் வீட்டை விட்டுப் புறப்பட்டிருக்கலாம். மற்றவர் 15 கிலோமீட்டர் ஓட்டி வந்திருக்கலாம். உதவி இயக்கி பொருத்திய மின்மிதிவண்டிகள் இச்சிக்கலை மிகுவித்துள்ளன. பிரித்தானிய விதிகளின்படி இவற்றின் இயக்கி 250 வாட் தொடர் திறனுக்கு மேற்படலாகாது; மணிக்கு 15.5 மைல், அதாவது ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வேகத்தில் உதவி நின்றுவிட வேண்டும். எனவே, அவ்வேகத்திற்குக் கீழ் மின்மிதிவண்டி எளிதில் முந்தும். அதற்கு மேல் அதன் கூடுதல் எடையே ஓட்டுநருக்குச் சுமையாகும்.

உளவியல்

பக்கத்தில் ஒருவர் இருப்பதால் மிதிவண்டியாளர் வேகமடைகின்றார் என்ற கருத்து, சமூக உளவியலின் தொடக்கக்கால ஆய்வுகளுள் ஒன்றிற்கு அடிப்படையாக அமைந்தது. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த நார்மன் டிரிப்லெட், மிதிவண்டிப் பந்தயப் பதிவுகளை ஆராய்ந்து 1898 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தனியாக நேரத்துக்கு எதிராக ஓட்டியவர்களைவிட, பிறருடன் ஓட்டியவர்களின் வேகம் மிகுந்திருந்ததை அப்பதிவுகள் காட்டின.

பின்னர் அவர் 40 சிறுவர் சிறுமியரைக் கொண்டு, தூண்டில் கயிறு சுற்றும் உருளையைத் தனியாகவும் இணையாகவும் சுழற்றச் செய்தார். அவரது வகைப்பாட்டின்படி 20 பேர் போட்டியால் விரைவடைந்தனர். 10 பேர் மிகை உணர்ச்சியால் தடுமாறினர். 10 பேரிடம் பெரிய மாற்றம் ஏற்படவில்லை. இத்தரவுகளை 2005 ஆம் ஆண்டில் இன்றைய புள்ளியியல் முறைகளால் மீளாய்ந்த மைக்கேல் இசுட்ரூப், விளைவு பாடநூல்கள் கூறும் அளவுக்கு வலுவானது அன்று எனக் காட்டினார்.

பிறரின் முன்னிலை எப்போது உதவுகின்றது, எப்போது கெடுக்கின்றது என்பதற்கு இராபர்ட் சாயன்சு 1965 ஆம் ஆண்டில் ஒரு விளக்கம் அளித்தார். பிறர் அருகில் இருக்கும்போது கிளர்ச்சி நிலை உயர்கின்றது. அதனால் நன்கு பழகிய எளிய செயல்கள் மேம்படுகின்றன. கவனமும் தெரிவும் வேண்டும் சிக்கலான செயல்கள் பாதிப்படைகின்றன.

இக்கோட்பாட்டை அன்றாடப் பயணத்துடன் பொருத்திப் பார்த்தால் போட்டியின் மையச் சிக்கல் புலப்படும். மிதித்தல் பழகிய செயல்; அது போட்டியால் மேம்படும். ஆனால் திறக்கவிருக்கும் தானுந்துக் கதவைக் கவனித்தல், நடந்து செல்பவர் எத்திசையில் அடியெடுத்து வைப்பார் என ஊகித்தல், குறுகிய இடைவெளியில் நுழையலாமா எனத் தீர்மானித்தல் ஆகியவை சிக்கலான செயல்கள். கால்கள் விரைவடையும் அதே நேரத்தில் தீர்மானம் தளர்வடையக்கூடும்.

இயற்பியல்

சமதளத்தில் மிதிவண்டியாளர் எதிர்கொள்ளும் முதன்மையான தடைகள் காற்றுத்தடையும் சக்கரங்களின் உருளல் தடையும் ஆகும். காற்றுத்தடை விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கின்றது. அதனை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கின்றது.

மிதிவண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 90 கிலோகிராம் எடையும், நிமிர்ந்து அமர்ந்த நிலைக்குரிய காற்றுத்தடைப் பரப்பு 0.5 சதுர மீட்டரும் கொண்டதாகக் கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல ஏறத்தாழ 80 வாட் திறன் வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 220 வாட் வேண்டும். வேகம் ஒன்றரை மடங்காக, உழைப்பு இரண்டே முக்கால் மடங்காகின்றது.

முன்னால் செல்பவரை நெருங்கித் தொடரும்போது காற்றுத்தடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையக்கூடும். ஆகவே, பின்தொடர்பவர் முந்தும் கணத்தில் திடீரெனக் கூடுதல் திறனைத் திரட்ட வேண்டியுள்ளது. முந்திய பலர் சிறிது தூரத்திலேயே தளர்ந்து, மீண்டும் முந்தப்படுவதற்கு இது ஒரு காரணம்.

சைகை விளக்குகளும் நேர ஆதாயமும்

நகரப் பயணத்தில் வெற்றியைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை சைகை விளக்குகளே. எடுத்துக்காட்டாக, 500 மீட்டர் இடைவெளியில் இரண்டு விளக்குகள் உள்ளன எனவும், முதலாவது பச்சையானதிலிருந்து 90 வினாடிகள் கழித்து இரண்டாவது பச்சையாகின்றது எனவும் கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் 60 வினாடிகளில் இரண்டாம் விளக்கை அடைந்து, 30 வினாடிகள் காத்து நிற்பார். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் சரியாக 90 ஆவது வினாடியில் வந்து, நிற்காமலே கடந்து செல்வார்.

இருவரும் விளக்கைக் கடக்கும் நேரம் ஒன்றே. ஆனால் மேற்கூறிய கணக்கின்படி முதலாமவர் தடைகளை வெல்ல ஏறத்தாழ 13,000 யூல் ஆற்றலையும், இரண்டாமவர் ஏறத்தாழ 7,300 யூல் ஆற்றலையும் செலவிட்டிருப்பர். அத்துடன், முதலாமவர் நிறுத்தியபோது அவரது இயக்க ஆற்றலான ஏறத்தாழ 3,100 யூல் நிறுத்திகளில் வெப்பமாக வீணாகியிருக்கும்.

இதனால்தான் கடுமையாக உழைத்து முந்தியவர், அடுத்த விளக்கில் தாம் முந்திய அதே நபரைத் தம் பக்கத்தில் காண நேர்கின்றது. சிவப்பு விளக்கு முன்னிலையை அழித்துவிடுவதால், அதனை மீறும் தூண்டுதலும் அங்கேயே எழுகின்றது.

பதிவுச் செயலிகள்

2009 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இசுட்ராவா போன்ற செயலிகள், இப்போட்டிக்கு ஒரு புதிய வடிவத்தை அளித்தன. செயற்கைக்கோள் இடங்காட்டியின் உதவியுடன், சாலையின் ஒரு குறிப்பிட்ட துண்டை ஒவ்வொருவரும் கடந்த நேரம் பதிவு செய்யப்பட்டு வரிசைப்படுத்தப்படுகின்றது. இதனால், எதிராளி அதே நேரத்தில் அதே சாலையில் இருக்க வேண்டிய தேவை நீங்கியது. சாலையில் தனியாகச் செல்பவரும், கண்ணுக்குப் புலப்படாத ஒருவருடன் போட்டியிடலாம்.

சட்டமும் பாதுகாப்பும்

பிரித்தானியாவின் 1988 ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 31 ஆவது பிரிவு, பொதுவழியில் அனுமதியின்றி மிதிவண்டிப் பந்தயத்தையோ வேகச் சோதனையையோ நடத்துவதையும் அதில் பங்கேற்பதையும் குற்றமாக்குகின்றது. எனினும், ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத இருவர் விரைந்து சென்றது பந்தயம்தான் என நிறுவுதல் கடினம். அதே சட்டத்தின் 28, 29 ஆவது பிரிவுகள் முறையே ஆபத்தான முறையிலும் கவனக்குறைவாகவும் மிதிவண்டி ஓட்டுவதைக் குற்றமாக்குகின்றன. சிவப்பு விளக்கில் நிற்க வேண்டிய கடமை மிதிவண்டியாளருக்கும் உண்டு.

வேகத்துடன் நிற்கும் தூரமும் விரைந்து கூடுகின்றது. சூழலை உணர்ந்து செயற்பட ஒரு வினாடியும், உலர்ந்த சாலையில் சிறந்த நிறுத்திகளும் இருப்பின், மணிக்கு 20 கிலோமீட்டரில் செல்பவர் நிற்க ஏறத்தாழ 9 மீட்டர் தேவை. மணிக்கு 30 கிலோமீட்டரில் இது ஏறத்தாழ 17 மீட்டர் ஆகின்றது. ஈரச் சாலையில் இத்தூரம் மேலும் கூடும். இடப்பக்கம் திரும்பவிருக்கும் பாரவுந்துக்கும் நடைபாதை விளிம்புக்கும் இடையே நுழைந்து முந்துதல், இலண்டனில் உயிரிழப்புகளுக்குக் காரணமான சூழல்களுள் ஒன்று ஆகும்.

போட்டியை ஆதரிப்போர், இது சலிப்பான பயணத்தை உடற்பயிற்சியாக மாற்றுகின்றது எனவும், தனியாக மிதித்தால் எட்ட முடியாத வேகத்தை எட்ட உதவுகின்றது எனவும் கூறுகின்றனர். எதிர்ப்போர், மிதிவண்டித் தடங்கள் சிறுவர், முதியோர், புதிதாக ஓட்டக் கற்றவர் ஆகியோருக்கும் உரியவை என்பதைச் சுட்டுகின்றனர். முந்துபவர் ஒரு கை தூரத்தில் விரைந்து கடப்பது அவருக்கு வெற்றியாக இருக்கலாம். போட்டியில் இல்லாத ஒருவருக்கு, மறுநாள் மிதிவண்டியை வீட்டிலேயே விட்டுவிடக் காரணமாக அமையலாம். மூடிய தடத்தில் நடைபெறும் பந்தயத்தில் ஆபத்தை ஏற்பவர்கள் பந்தய வீரர்களே. பொதுச் சாலையில் அவ்வாபத்தின் ஒரு பகுதி, போட்டி நடப்பதே அறியாத பாதசாரி மீதும் சக மிதிவண்டியாளர் மீதும் விழுகின்றது.