தாழ்வாரத்தில் ஒரு தேன்சிட்டு

வேலை முடிந்து தோ பாயோ வீட்டுக்குத் திரும்பினால், எங்கள் தாழ்வாரச் செடியில் தேன்சிட்டுக் கூடு! கைத்தொலைபேசியோடு கிட்டப் போனேன். தாய்ச்சிட்டு எதிர்க் கம்பியிலேயே கத்திக்கொண்டிருந்தது. அலகில் பூச்சி. நான் விலகும்வரை கூட்டுக்கு வரவில்லை. வெட்கமாகிவிட்டது.

மறுநாள் கேமராவில் 300 எம்எம் லென்ஸ் மாட்டி, கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன். கூடு கறுப்பாக விழுந்தது. பின்னாலிருக்கும் வானத்தின் வெளிச்சத்தில் கேமரா ஏமாந்துபோகிறது. எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டினேன். மஞ்சள் வயிறு தெளிந்தது. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கூட்டை நடுவில் வைக்காமல் ஓரத்துக்குத் தள்ளி, தாய் பறந்து வரும் பக்கம் இடம் விட்டேன். அரை மணி நேரக் காத்திருப்பு. நேரலையில்கூட நான் இவ்வளவு நேரம் வாய்மூடி இருந்ததில்லை!

குஞ்சுகள் பறக்கும்வரை தொட்டியை நகர்த்த வேண்டாமென்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.