ரெண்டு ஸ்விட்ச் இருந்தா போதுமா?

இந்த வார எபிசோடில் ஸ்டோரேஜ் பற்றிப் பேசினப்போ ஒரு விஷயத்துக்கு நேரம் கிடைக்கல: ஸான் நெட்வொர்க்கில் ஸ்விட்சுகளை எப்படி இணைக்கிறது? கான்ட்ராக்ட் வேலைக்குப் போற இடத்தில் நான் முதலில் கேட்கிற படம் இதுதான்.

வைஃபை பத்து செகண்ட் போனா எரிச்சல்தான் வரும். சர்வருக்கு டிஸ்க் காணாமப் போனா கதையே வேற. லினக்ஸ் பல நேரம் ஃபைல் சிஸ்டத்தை ரீட்-ஒன்லி ஆக்கிவிடும். டேட்டாபேஸ் அப்படியே நிற்கும். அது ஆஸ்பத்திரி என்றால், டாக்டர் முன்னால் நோயாளியின் ரெக்கார்ட் திறக்காது. அதனாலதான் ஃபைபர் சேனல் உலகத்தில் ஒரு பழைய விதி: ஏ, பி என்று இரண்டு தனித்தனி ஃபேப்ரிக்.

"தனித்தனி" என்பதைத்தான் பலர் விட்டுடறாங்க. ரெண்டு ஸ்விட்ச் வாங்கி, நடுவில் ஒரு கேபிளும் போட்டுடுவாங்க. போட்டவுடனே ரெண்டும் ஒரே ஃபேப்ரிக். ஸோனிங்கும் பொதுவாகிவிடும். யாராவது தப்பான ஸோனிங்கை ஆக்டிவேட் செய்தால் இரண்டு பாதையும் சேர்ந்தே போகும்.

சரியான முறை இது: ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு எச்பிஏ போர்ட், ஒன்று ஏ-க்கு, மற்றது பி-க்கு. ஸ்டோரேஜின் ஒவ்வொரு கன்ட்ரோலரும் இரண்டு ஃபேப்ரிக்கையும் தொடணும். ஒரு பாதை போனால் சர்வரில் உள்ள மல்டிபாத் மென்பொருள் அடுத்ததுக்கு மாற்றும். கரண்டையும் பாருங்க. ஒரு கிளையன்ட் இடத்தில் ஃபேப்ரிக்கை அழகாகப் பிரிச்சிருந்தாங்க. ஆனா ரெண்டு ஸ்விட்சும் ஒரே பிடியூவில் சொருகியிருந்தது. ஒரு பிரேக்கர் விழுந்தா எல்லாம் முடிஞ்சது.

ஒரு ஃபேப்ரிக்குக்குள் ஸ்விட்ச் கூடினா? எல்லாத்தையும் எல்லாத்தோடும் இணைக்கிற ஃபுல் மெஷ்ஷில் 4 ஸ்விட்சுக்கு 6 இணைப்பு, 8 ஸ்விட்சுக்கு 28. போர்ட் எல்லாம் அதுக்கே தீர்ந்திடும். அதனால் பெரிய இடங்களில் கோர்-எட்ஜ்: ஸ்டோரேஜ் நடுவில் கோரில், சர்வர்கள் ஓரத்தில் எட்ஜில். எந்த எட்ஜிலிருந்தும் ஸ்டோரேஜுக்கு ஒரே தாவல்.

இங்கே ஒரு கணக்கு போடணும். எட்ஜில் 32 ஜிகாபிட் சர்வர் போர்ட் 24, கோருக்கு அதே வேகத்தில் 4 இணைப்பு என்றால் விகிதம் 6-க்கு 1. சாதாரண நேரத்தில் தாங்கலாம். ராத்திரி எல்லா பேக்கப்பும் ஒண்ணா ஓடும்போது தாங்குமா என்று அளந்து பாருங்க.

இன்னொரு கணக்கு: ஏ 70 சதவீதம், பி 70 சதவீதம் ஓடுது என்றால், ஒன்று விழும்போது மற்றதின் தலையில் 140 வரும். இரண்டும் 50-க்குக் கீழே இருந்தால்தான் அது உண்மையான மாற்றுப் பாதை.

வெள்ளம் வருமுன் அணை போடணும். லைவ் போகும் முன்னாடியே ஏ பக்கத்தை முழுசா அணைச்சுப் பாருங்க. அணைக்கப் பயமா இருக்குன்னா, பி மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம்.