பழைய ஜீப் வாங்குதல்

பழைய ஜீப் வாங்குதல் என்பது, பிறர் முன்பே பயன்படுத்திய, கரட்டு வழிகளில் செல்லத்தக்க ஊர்தியொன்றைக் குறைந்த முதலீட்டில் வாங்குவதைக் குறிக்கும். தமிழ்நாட்டில் ஜீப் என்னும் சொல் ஒரு நிறுவனத்தின் வணிகப்பெயர் என்ற அளவில் நிற்பதில்லை. மகிந்திரா நிறுவனத்தின் திறந்த ஊர்திகள், மாருதி ஜிப்சி, இராணுவத்தின் ஜோங்கா, சில ஊர்களில் பொலிரோவும் கூட இச்சொல்லாலேயே வழங்கப்படுகின்றன. இக்கட்டுரை கடலூர் மாவட்டத்தின் திருவதிகை, பண்ருட்டி, நெய்வேலி வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இத்தகைய ஊர்திகளின் வகைகள், அவை சந்தைக்கு வரும் வழிகள், சோதிக்கும் முறை, சட்ட நிலை ஆகியவற்றை விளக்குகிறது.

நிலமும் தேவையும்

திருவதிகை கெடில ஆற்றின் கரையில், பண்ருட்டியை ஒட்டி அமைந்துள்ள ஊர். வீரட்டானேசுவரர் கோயிலால் பரவலாக அறியப்படுவது. இதற்குத் தெற்கே நெய்வேலி வரையுள்ள மேட்டுநிலம் மணல் கலந்த செம்மண்ணாலானது; முந்திரியும் பலாவும் மிகுதியாக விளைவது. தோப்புகளுக்கு இடையே செல்லும் வண்டிப்பாதைகள் கோடையில் இளகிய மணலாகவும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆழமான தடம் விழுந்த சேறாகவும் மாறிவிடுகின்றன. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் திறந்தவெளிச் சுரங்கங்கள் ஆதலால், அங்கும் நிலையான தார்ச்சாலை இல்லாத இடங்களில் ஊர்திகள் ஓட வேண்டியுள்ளது.

எனினும், இந்நிலத்திற்கு நாற்சக்கர இயக்கம் கட்டாயம் என்று கொள்வது பிழையாகும். முந்திரி, பலா ஆகிய இரண்டின் அறுவடையும் பெரும்பாலும் கோடையில் முடிந்துவிடுகிறது. அப்போது காற்றழுத்தத்தைச் சற்றுக் குறைத்த, நல்ல பிடிப்புள்ள உருளிப்பட்டைகளைக் கொண்ட இருசக்கர இயக்க ஊர்தியே போதுமானது. கூடுதல் சுமைக்கு இழுவை இயந்திரம் இருக்கிறது. மழைக்காலத்தில் நாள்தோறும் தோப்புக்கோ சரிவான நிலத்திற்கோ செல்ல வேண்டியவருக்கே நாற்சக்கர இயக்கத்தின் கூடுதல் விலையும் பராமரிப்பும் ஈடாகும். தேனி மாவட்டத்தின் போடி, கம்பம் பகுதிகளிலிருந்து இடுக்கியின் ஏலக்காய்த் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளின் நிலை வேறு. அங்கே ஜீப் இல்லையேல் அன்றைய கூலி இல்லை.

சந்தையில் கிடைக்கும் ஊர்திகள்

இந்திய ஜீப்புகளின் மூலம் இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைக்காக உருவாக்கப்பட்ட வில்லிஸ் எம்.பி. ஊர்தியாகும். மகிந்திரா நிறுவனம் 1947 இல் வில்லிஸ் ஜீப்புகளின் உதிரிகளை வரவழைத்து மும்பையில் பூட்டத் தொடங்கியது. 1953 இல் அமெரிக்காவில் வெளிவந்த சி.ஜே. 3பி என்னும் வகை அங்கே 1960களின் இறுதியில் கைவிடப்பட்ட பின்னரும் இந்தியாவில் பல பத்தாண்டுகள் உற்பத்தி செய்யப்பட்டது. உயரமான அரிக்கேன் பெட்ரோல் இயந்திரத்திற்கு இடம் தர வேண்டியிருந்ததால்தான் அதன் முன்மூடி அவ்வளவு உயர்ந்து காணப்படுகிறது. இதன் மூன்று கியர் பெட்டியில் முதல் கியருக்கு ஒத்திசைவு அமைப்பு இல்லை. வண்டி நின்ற பிறகே முதல் கியரைப் போட வேண்டும். பழக்கமில்லாதவர் இதைப் பழுது என்று எண்ணி விலை பேசுவதும், உண்மையான பழுதை விற்பவர் "இந்த வண்டியே அப்படித்தான்" என்று தள்ளிவிடுவதும் உண்டு.

எரிபொருள் செலவின் காரணமாகப் பின்னர் டீசல் இயந்திரங்கள் இடம்பெற்றன. எம்.எம். 540 வகையில் பொருத்தப்பட்ட 2112 க.செ.மீ. பெழோ இயந்திரம் மறைமுக உட்செலுத்தல் கொண்டது. குளிர்ந்த நிலையில் கிளப்ப 'ஹீட்டர் பிளக்' தேவை. அதன்பின் வந்த 2523 க.செ.மீ. நேரடி உட்செலுத்தல் இயந்திரம் ஒலியும் அதிர்வும் மிகுந்தது. ஆயினும் சிற்றூர்ப் பட்டறைகளிலும் பழுதுபார்க்கத்தக்கது, உதிரிகள் எளிதில் கிடைப்பது. குறைந்த பணத்தில் வாங்குவோருக்கு இவ்வியந்திரம் கொண்ட மேசர், கமாண்டர் வகைகளே பெரும்பாலும் பொருத்தமானவை. இவற்றில் பெரும்பகுதி தொழிற்சாலையிலிருந்தே இருசக்கர இயக்கத்துடன் வந்தவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வெளித்தோற்றத்தில் இரண்டிற்கும் வேறுபாடு காண்பது கடினம்.

மாருதி ஜிப்சி 1985 திசம்பரில் 970 க.செ.மீ. இயந்திரத்துடன் அறிமுகமானது. 1996 இல் 1298 க.செ.மீ. இயந்திரம் கொண்ட ஜிப்சி கிங் வந்தது; 2000 ஆம் ஆண்டு முதல் எரிபொருள் உட்செலுத்தல் சேர்க்கப்பட்டது. பொதுமக்களுக்கான விற்பனை 2019 இல் நிறுத்தப்பட்டது. எடை குறைவு என்பதால் மணலிலும் சேற்றிலும் மகிந்திரா ஊர்திகளைக் காட்டிலும் எளிதாக மீளும். பெட்ரோல் மட்டுமே, பின்னிருக்கையில் வசதி இல்லை, தகடுகள் துருப்பிடிக்கும் என்பன குறைகள். கடலூர் போன்ற கடற்கரை ஊர்களில் ஓடிய ஜிப்சியின் தரைத்தகட்டைப் பாய்விரிப்பை நீக்காமல் பார்ப்பது வீண்.

ஜோங்கா, நிசான் பாட்ரோலை அடியொற்றி சபல்பூர் ஊர்தித் தொழிற்சாலையில் இராணுவத்திற்காகச் செய்யப்பட்டது. அதன் ஆறு உருளை பெட்ரோல் இயந்திரம் ஏறத்தாழ 4 இலிட்டர் கொள்ளளவு உடையது. விலை மலிவாகத் தோன்றினும், பணம் குறைவாக உள்ளவர் இதை விட்டு விலகுவதே நலம்.

ஏலமும் 2023 விதி மாற்றமும்

நெடுங்காலமாக ஏழை வாங்குநரின் முதன்மையான வாயில் அரசு ஏலமாக இருந்தது. வருவாய்த்துறை, காவல்துறை, வனத்துறை, பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவை கழித்துவிட்ட ஜீப்புகளை ஏலத்தில் விற்றன. 1956 இல் தொடங்கப்பட்டு 2016 இல் என்.எல்.சி. இந்தியா எனப் பெயர் மாறிய நெய்வேலி நிறுவனமும் ஒரு நடுவண் அரசுப் பொதுத்துறை நிறுவனமே. அரசு ஊர்திகள் அதிக ஆண்டு நின்றும் குறைந்த தொலைவே ஓடியும் இருப்பதுண்டு. அவற்றின் பராமரிப்புப் பதிவேடும் முறையாக இருக்கும் என்பதால் வணிகர்கள் அவற்றை விரும்பி எடுத்தனர்.

2023 சனவரியில் அறிவிக்கப்பட்ட நடுவண் மோட்டார் வாகன விதித் திருத்தம் இந்நிலையை மாற்றியது. அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல், நடுவண், மாநில அரசுகள், உள்ளாட்சிகள், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றின் ஊர்திகள் 15 ஆண்டுகள் கடந்தால் அவற்றின் பதிவு செல்லாது. அவை பதிவுபெற்ற உடைப்பு நிலையங்களுக்குச் செல்ல வேண்டும். பாதுகாப்பு, சட்டம் ஒழுங்கு ஆகியவற்றிற்கான சிறப்பு ஊர்திகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. எனவே "அரசு ஏலத்தில் எடுத்தது, பெயர் மாற்றிக் கொள்ளலாம்" என்று இன்று ஒருவர் கூறினால், ஏலம் எந்த ஆண்டு நடந்தது, தனியார் பெயருக்குப் பதிவு எப்போது மாறியது என்ற இரண்டையும் கேட்க வேண்டும். திருத்தத்திற்கு முன்பே தனியார் பெயருக்கு மாறிய ஜீப் வேறு, அரசுப் பெயரிலேயே 15 ஆண்டைக் கடந்து காயலான் கடைக்குச் சென்று மீண்டு வந்த ஜீப் வேறு. பின்னதைச் சாலையில் ஓட்டவே இயலாது. கொடுத்த பணம் இரும்பு விலையாகச் சுருங்கிவிடும்.

இராணுவம் கழித்த ஊர்திகளுக்குத் தொடக்கத்தில் குடிமைப் பதிவு இல்லை. அவற்றைப் புதிதாகப் பதிவு செய்ய, உரிய இராணுவ அதிகாரி வழங்கிய மூல விற்பனைச் சான்று, படிவம் 21 ஆக இருக்க வேண்டும் என்று விதிகள் கூறுகின்றன. இச்சான்றின் ஒளிப்படி மட்டும் கையில் இருப்பின் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடலாம்.

சோதித்தல்

சோதனையை இயந்திரத்திலிருந்து தொடங்குவது பலரின் வழக்கம். சட்டகத்திலிருந்து தொடங்குவதே சரியானது. இயந்திரத்தைப் புதுப்பிக்கலாம், மாற்றுக் கியர் பெட்டி சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்கும். ஆனால் வளைந்த அல்லது வெடித்த சட்டகத்திற்குச் சிக்கனமான மருந்து இல்லை. வண்டிக்கு அடியில் படுத்து, வில்பட்டைகளைத் தாங்கும் கொண்டிகள் பற்றவைக்கப்பட்ட இடங்களையும், திசைமாற்றிப் பெட்டி பொருத்தப்பட்ட பகுதியையும் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்க்க வேண்டும். வெடிப்பு தோன்றும் இடங்கள் இவையே. புதிதாகப் பூசிய கறுப்பு வண்ணம் அடிப்பகுதியில் மட்டும் பளபளப்பாக இருந்தால், அதன் கீழே என்ன உள்ளது என்று விற்பவரையே சுரண்டிக் காட்டச் சொல்லலாம்.

இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே கிளப்ப வேண்டும். வாங்குபவர் வருமுன் ஒருமுறை ஓட்டிச் சூடாக்கி வைத்தல் வணிகரின் பழைய உத்தி. கையை முன்மூடியின் மேல் வைத்தாலே இது தெரிந்துவிடும். ஓடும் நிலையில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை விசையுடன் வெளியேறுமாயின், உருளைகளும் வளையங்களும் தேய்ந்துள்ளன. நீலப்புகை எண்ணெய் எரிவதையும், இயந்திரம் சூடான பின்னும் நிற்காத வெண்புகை குளிர்நீர் உட்புகுவதையோ டீசல் சரியாக எரியாததையோ குறிக்கும்.

நாற்சக்கர இயக்கத்தைத் தார்ச்சாலையில் சோதிக்கக் கூடாது. இவ்வகை ஊர்திகளில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே வேகவேறுபாட்டு அமைப்பு இல்லாததால், கெட்டியான தரையில் திரும்பும்போது பற்சக்கரங்கள் முறுக்கேறிக் கெட்டுவிடும். மணலிலோ உழுத நிலத்திலோ மெதுவாக ஓட்டி, முன்சக்கரங்கள் உண்மையாகவே இழுக்கின்றனவா என்று ஒருவர் வெளியே நின்று பார்க்க வேண்டும். நெம்புகோல் இருப்பதே சான்றாகாது. அதிர்வைத் தவிர்ப்பதற்காகவோ, உதிரியை விற்பதற்காகவோ முன் உந்துதண்டு கழற்றப்பட்ட ஜீப்புகள் ஏராளம். பின்னர் தாழ்வேக நிலையில் சரிவொன்றில் ஏற்றி இறக்கி, இறங்கும்போது கியர் தானே நழுவுகிறதா என்று காண வேண்டும்.

முன்சக்கரத்தை 'ஜாக்கி' வைத்துத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் 'கிங் பின்' தேய்மானம் கையில் தெரியும். இத்தேய்மானமுள்ள ஜீப், மணிக்கு 40 முதல் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தவுடன் திசைமாற்றி கட்டுக்கடங்காமல் உதறத் தொடங்கும். அச்சுப்பெட்டியின் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்ப்பதும் தேவை. பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது. கடலூர் மாவட்டம் 2015 இலும் 2024 இலும் பெருவெள்ளத்தைக் கண்டது. நீரில் நின்ற ஊர்திகள் இப்பகுதிச் சந்தையில் இருப்பதில் வியப்பில்லை.

ஆவணங்கள்

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 50 ஆம் பிரிவின்படி, மாநிலத்திற்குள் நடந்த விற்பனையை விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்கானவை படிவம் 29, படிவம் 30. வங்கிக் கடன் இருந்து தீர்ந்திருந்தால் படிவம் 35 உம், வேறு மாநில வண்டியாயின் படிவம் 28 இன் வழித் தடையின்மைச் சான்றும் சேரும். பிற மாநில ஊர்திக்குத் தமிழ்நாட்டில் மீண்டும் சாலைவரி செலுத்த நேரிடும் என்பதால், வடக்கே மலிவாகக் கிடைத்தது என்று ஓட்டி வருவோர் வரியையும் சேர்த்தே விலையைக் கணக்கிட வேண்டும்.

கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களைக் கொடுத்து, பெயர் மாற்றாமலேயே கைமாற்றும் பழக்கம் ஜீப் வணிகத்தில் மிகுதி. 2018 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம், விபத்து நேர்ந்தால் பதிவேட்டில் பெயருள்ளவரே உரிமையாளராகக் கருதப்பட்டு இழப்பீட்டிற்குப் பொறுப்பாவார் எனத் தீர்ப்பளித்தது. ஆகவே பெயர் மாற்றம் வாங்குபவரின் தேவை மட்டுமன்று. விற்பவருக்கும் அதுவே காப்பு.

சட்டகத்தில் பொறித்த எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்து, பதிவுப் புத்தகத்துடன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். ஒரு ஜீப்பின் ஆவணத்தை மற்றொன்றின் உடலில் ஏற்றுவது எளிது. ஏனெனில் இவ்வூர்திகளின் ஒவ்வொரு பாகமும் தனியே சந்தையில் கிடைக்கிறது. இயந்திர எண்ணும் அவ்வாறே. பெட்ரோல் ஜீப்பில் டீசல் இயந்திரம் பொருத்தியிருந்தால், அம்மாற்றம் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். அகன்ற உருளிப்பட்டைகளும், வெட்டிச் சுருக்கிய உடலும் கொண்டு பஞ்சாப், அரியானா எல்லையிலுள்ள மண்டி தப்வாலி போன்ற இடங்களிலிருந்து வரும் ஜீப்புகள் கண்ணைக் கவரும். உற்பத்தியாளரின் அமைப்பிலிருந்து மாறுபடும் வகையில் ஊர்தியை மாற்றக் கூடாது என்று சட்டத்தின் 52 ஆம் பிரிவு தடுப்பதையும், 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததையும் விற்பவர் சொல்வதில்லை.

செலவு

தனியார் ஊர்தியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் தகுதி ஆய்வுடன் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படும். நான்கு சக்கரத் தனி ஊர்திக்கு இக்கட்டணம் 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரல் முதல் அது 5,000 ரூபாயாகவும், 2025 ஆகத்து முதல் 20 ஆண்டு கடந்த இலகுரக ஊர்திகளுக்கு 10,000 ரூபாயாகவும் உயர்ந்தது. பசுமை வரியும் காப்புறுதியும் தனி. புதுப்பிக்கும் காலம் நெருங்கிய ஜீப் மலிவாகக் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

கையிலுள்ள தொகை முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடுவதே பெரும்பாலோரை மூழ்கடிக்கிறது. இரண்டு இலட்சம் ரூபாய் வைத்திருப்பவர், ஒன்றரை இலட்சத்திற்கு மேற்படாத ஜீப்பைத் தேடுவது தகும். உருளிப்பட்டைகள், மின்கலம், நிறுத்தி உருளைகள், 'கிளட்ச்' எனப்படும் உராய்விணைப்பி, வில்பட்டைகளின் புதர்கள் ஆகியவை முதல் ஆண்டிலேயே மீதிப் பணத்தைக் கேட்கும். நிறுத்திகளுக்கும் திசைமாற்றிக்கும் ஆகும் செலவை முதலில் செய்துவிட்டு, தார்ப்பாய்க் கூரையையும் வண்ணப்பூச்சையும் பின்னுக்குத் தள்ள வேண்டும். நடப்பில் இது பெரும்பாலும் தலைகீழாகவே நிகழ்கிறது.

ஐம்பது ஆண்டு கடந்தவை

2021 சூலையில் வந்த விதிகளின்படி, முதல் விற்பனையிலிருந்து 50 ஆண்டுக்கு மேற்பட்டதும் பெரிதாக மாற்றப்படாததுமான ஊர்திகளைத் தொன்மை ஊர்தியாகப் பதியலாம். புதிய பதிவுக்கட்டணம் 20,000 ரூபாய். இவ்வாறு பதிந்த வில்லிஸ் ஜீப்பைக் கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றிற்கு ஓட்டலாமே தவிர, அன்றாடப் போக்குவரத்திற்கோ வணிகத்திற்கோ பயன்படுத்த முடியாது. தோப்புக்குச் செல்ல ஜீப் தேடும் ஒருவருக்கு, பாட்டன் காலத்து வில்லிஸ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், இப்பதிவின்கீழ் அது உதவாது.