இழுப்பு நோயும் இருவகை மருத்துவமும்

நள்ளிரவு கடந்த வேளையில் பிள்ளைக்கு இழுப்புக் கண்டால், அதனை மடியில் இருத்தி முதுகைத் தடவியவாறு விழித்திருக்கும் தாய், எவர் எம்மருந்தைச் சொன்னாலும் செவி கொடுப்பாள். அவளைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. கஷாயம் என்பார் ஒருவர். லேகியம் என்பார் இன்னொருவர். ஓதிப் பார்க்கலாம் என்பார் மற்றொருவர். "இன்ஹேலரை மட்டும் தொட்டுவிடாதீர்கள், பழகிவிட்டால் ஆயுள் முழுவதும் விட முடியாது" என்று எச்சரிப்பவரும் அவர்களுள் இருப்பார். முன்னைய அறிவுரைகளை விட இந்த இறுதி அறிவுரையே நம் இல்லங்களில் பெருந்தீங்கு விளைவித்து வருகின்றது என்பது என் எண்ணம்.

"இழுப்புத்தானே, வயது வந்தால் சரியாகிவிடும்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் 26 கோடியே 20 இலட்சம் மக்களுக்கு ஆஸ்துமா இருந்ததாகவும், அவ்வாண்டில் 4 இலட்சத்து 55 ஆயிரம் பேர் அதனால் உயிரிழந்ததாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

இந்நோயில் நடப்பதுதான் யாது? நுரையீரலுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்களின் உட்சுவர் வீங்குகின்றது; சளி சுரக்கின்றது; குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகின்றது. ஆகவே மருந்தும் இரு வேலைகளைச் செய்ய வேண்டியுள்ளது. 1969இல் விற்பனைக்கு வந்த சால்பியூட்டமால், இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். நான்கைந்து மணி நேரம் நிம்மதி தரும். வீக்கத்தை அது தொடுவதில்லை. வீக்கத்தைத் தணிப்பது 1972 முதல் இன்ஹேலர் வடிவில் கிடைத்துவரும் ஸ்டீராய்டு வகை மருந்து. அது நாள்தோறும் எடுக்கப்படவேண்டியது. உடனே பலன் தெரியாதது. பலன் தெரியாத மருந்தை மக்கள் முதலில் நிறுத்திவிடுகின்றனர்! முதல் வகையை மட்டும் நம்பியிருத்தல் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுநெறிகள் 2019 முதல் வலியுறுத்தி வருகின்றன.

இந்நோய் புதிதன்று. அரபு மருத்துவ நூல்களில் இதற்கு 'ரப்வு' என்று பெயர். இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' நூலில் இதனை விரிவாகப் பேசுகின்றார். ஸலாஹுத்தீன் அய்யூபியின் அரசவையோடு தொடர்பு கொண்டிருந்த யூத மருத்துவர் மூஸா இப்னு மைமூன், 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த ஒரு நோய்க்கென்றே அரபியில் ஒரு நூல் எழுதினார். அற்புத மருந்து எதனையும் அவர் அதில் முன்வைக்கவில்லை. உணவு, உறக்கம், காற்று ஆகியவற்றை ஒழுங்குபடுத்துமாறு சொன்னார். அலெக்சாந்திரியாவின் ஈரக்காற்றினும் கெய்ரோவின் உலர்ந்த காற்றே தம் நோயாளிக்கு ஏற்றது என்றார். முஸ்லிம்களின் மருத்துவ மரபு என்று நாம் பெருமையோடு பேசும் மரபில் யூதரும் கிறிஸ்தவரும் கலந்தே பணியாற்றினர். 'இது நம் மருத்துவம், அது அவர்கள் மருத்துவம்' என்னும் பிரிவினையை அவர்கள் அறிந்திலர்.

மூலிகைக்கும் ஆங்கில மருத்துவத்துக்கும் இடையே நாம் எழுப்பியிருக்கும் சுவரும் அத்துணை உறுதியானதன்று. ஊமத்தை இலையைப் புகைத்து இழுப்பைத் தணிக்கும் வழக்கத்தை ஆங்கிலேயர் கற்றுக்கொண்டது நமது சென்னையில்தான். 1802ஆம் ஆண்டளவில் அது பிரிட்டனுக்குச் சென்றது. பின்னர் 'ஆஸ்துமா சிகரெட்' என்ற பெயரில் ஐரோப்பிய மருந்துக்கடைகளில் விற்பனையாயிற்று. ஊமத்தையிலுள்ள அட்ரோப்பினை ஒட்டி உருவாக்கப்பட்ட இப்ராட்ரோப்பியம் என்னும் மருந்து, கடும் இழுப்பின்போது மருத்துவமனைகளில் இன்றும் நெபுலைசர் வழியே கொடுக்கப்படுகின்றது. (ஊமத்தை கொடிய நஞ்சு, இதனைப் படித்துவிட்டு எவரும் இலையைத் தேடிப் புறப்பட்டுவிட வேண்டாம்.) நம் வேலியோரத்து ஆடாதொடையிலுள்ள வாசிசினிலிருந்தே, சளியை இளக்கும் புரோம்ஹெக்ஸின் பிறந்தது.

இவ்வரிசையில் ரோஜர் அல்டூன்யானின் வரலாறு சுவையானது. 1922இல் சிரியாவில் பிறந்த ஆர்மீனிய வழியினர். அவருடைய பாட்டனார் ஹலப் நகரில் மருத்துவமனை நடத்தியவர். அல்டூன்யான் இங்கிலாந்தில் மருத்துவரானார். அவரே ஆஸ்துமா நோயாளி. எகிப்திய நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்த கில்லா என்னும் செடியின் சத்தை ஒட்டி நூற்றுக்கணக்கான கலவைகள் தயாரிக்கப்பட்டன. அவற்றைத் தம் உடலிலேயே அவர் சோதித்தார். தமக்கு ஒவ்வாத கினிப்பன்றியின் உரோமச் சத்தை வேண்டுமென்றே உள்ளிழுத்து இழுப்பை வரவழைத்துக்கொண்டு, எக்கலவை அதனைத் தடுக்கின்றது என்று ஆண்டுக்கணக்கில் அளந்துகொண்டேயிருந்தார். 1965இல் குரோமோகிளைகேட் கிடைத்தது. இன்று அதனினும் சிறந்த மருந்துகள் வந்துவிட்டமையால் அதன் புழக்கம் குறைந்துவிட்டது. எகிப்தின் செடி ஐயத்துக்கு இடமற்ற மருந்தானது, அளந்து பார்க்க ஒருவர் துணிந்ததனால்தான்.

அளந்து பார்க்க இடங்கொடாத மருந்துகளும் உண்டு. ஹைதராபாத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதத் தொடக்கத்தில் பத்தினி குடும்பத்தார், உயிருள்ள சிறு விரால் மீனின் வாயில் மருந்தை வைத்து நோயாளியை விழுங்கச் செய்கின்றனர். 1845 முதல் இது தம் குடும்பத்தில் வழங்கிவருவதாக அவர்கள் கூறுகின்றனர். எல்லா மதத்தவரும் செல்கின்றனர். கட்டணம் வாங்குவதில்லை என்பதனைப் பாராட்டத்தான் வேண்டும். எனினும் மருந்தின் சேர்மானம் குடும்ப இரகசியம். குணமடைந்தோம் என்று சொல்வோரைப் பொய்யர் என நான் சொல்லமாட்டேன். ஆஸ்துமாவின் இயல்பே வருவதும் தணிவதுமாகும். குழந்தைகளுள் பலருக்கு வளர வளர அது தானே குறைந்துவிடுகின்றது. நோய் உச்சத்தில் இருக்கும்போது மருந்து தேடுகின்றோம். தணியும்போது கையில் இருந்த மருந்துக்குப் பெயர் போய்ச் சேருகின்றது.

மீனைவிட எனக்கு அச்சம் தருவது, பெயரும் சேர்மானமும் எழுதப்படாத பொட்டலப் பொடிகளே. பல ஆண்டு இழுப்பு மூன்றே நாளில் பறந்துவிட்டது என்று எவரேனும் வியந்தால், அப்பொடியில் ஸ்டீராய்டு மாத்திரை அரைத்துக் கலக்கப்பட்டிருக்கலாம் என்று ஐயுறவேண்டும். இவ்வாறான கலப்படம் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. அதனைப் பல மாதங்கள் தின்றால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். திடீரென நிறுத்தினாலோ உயிருக்கே ஆபத்து. இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருக்கின்றதே என்று அஞ்சி ஓடுவோர், அளவறியாத அதே ஸ்டீராய்டைப் பொடியாக உண்ணும் அவலம் இது. மாத்திரையின் அளவு மில்லிகிராமில்; இன்ஹேலரின் அளவு மைக்ரோகிராமில், அதாவது மில்லிகிராமின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்னும் கணக்கில். அதுவும் பெரும்பாலும் நுரையீரலிலேயே வேலை செய்கின்றது. தொண்டை கம்முதலும் வாய்ப்புண்ணும் சிலருக்கு வரலாம். உறிஞ்சியபின் வாய் கொப்பளித்தால் பெரிதும் தவிர்க்கலாம்.

கருஞ்சீரகத்தைப் பற்றி வாசகர்கள் கேட்காமல் விடமாட்டார்கள். ஜித்தாவில் 80 ஆஸ்துமா நோயாளிகளிடையே நடந்து, 2017இல் வெளியான ஓர் ஆய்வில், கருஞ்சீரக எண்ணெய் உண்டவர்களுக்கு நான்கு வாரங்களில் நோய்க்கட்டுப்பாடு கூடுதலாக இருந்தது. மகிழ்ச்சியே! ஆனால் அவர்களுக்கு அது இன்ஹேலருடன் சேர்த்தே கொடுக்கப்பட்டது. ஆய்வும் சிறியது. மூச்சுப் பயிற்சியும் இவ்வாறே: பயில்வோர் நிம்மதி அடைகின்றனர், இன்ஹேலரின் இடத்தை அது பிடிப்பதில்லை. ஹோமியோபதிக்கு இந்நோயில் நம்பத்தக்க சான்று இதுவரை கிடைக்கவில்லை.

ரமலான் வந்தால் நோன்புக்காக இன்ஹேலரை அடியோடு நிறுத்திவிட்டுக் கஷாயத்தில் காலந்தள்ளுவோரை நான் கண்டிருக்கின்றேன். இன்ஹேலர் நோன்பை முறிக்குமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவரவர் நம்பும் ஆலிமிடம் கேட்டுக்கொள்க. நோயாளி நோன்பைப் பின்னர் நோற்கலாம் என்னும் சலுகையில் வேறுபாடு இல்லை. பெரும்பாலான தடுப்பு இன்ஹேலர்கள் நாளுக்கு இருவேளைக்கு உரியவை; ஸஹரிலும் இஃப்தாரிலும் எடுத்துக்கொள்ள இயலுமா என்று ரமலானுக்கு முன்பே மருத்துவரைக் கேட்டுவிடலாம்.

வேறு மருத்துவம் பார்க்க விரும்புவோர் பார்க்கட்டும். தடுப்பு மருந்தைத் தொடர்ந்துகொண்டே, மருத்துவரிடம் மறைக்காமல் பார்க்கட்டும். ஆனால் பிள்ளை ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாமல் திணறினாலோ, மூச்சிழுக்கையில் விலாவிடைச் சதை உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, நிவாரண இன்ஹேலர் கொடுத்தும் தணியாவிட்டாலோ, பொழுது விடியட்டும் என்று காத்திராமல், வழியிலும் அந்த இன்ஹேலரைக் கொடுத்தபடியே, ஆக்சிஜன் வசதியுள்ள மருத்துவமனைக்கு அப்போதே புறப்பட்டுவிட வேண்டும்.