ஏழு தலைமுறை, ஆறு மாதம்

இந்தியாவில் வருமானத்தின் அடித்தட்டில் இருக்கும் ஒரு குடும்பம் நாட்டின் சராசரி வருமானத்தை எட்டிப்பிடிக்க 7 தலைமுறை ஆகும் என்று ஓ.இ.சி.டி. அமைப்பு 2018இல் கணக்கிட்டது. டென்மார்க்கில் 2 தலைமுறை போதும். பிரான்சில் 6. ஒருகாலத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில் இதைப் படிப்பவர்கள் கடைசி எண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். பிரான்சிலும் முன்னேற்ற ஏணி அப்படியொன்றும் எளிதில்லை. ஆனாலும் ‘நேஷனாலிட்டி’, அதாவது பிரெஞ்சுக் குடியுரிமை, உள்ள மாப்பிள்ளைக்கு இங்கே மவுசு குறையவில்லை. ஏன்?

1739இல் தஞ்சை மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன காரைக்காலில், ஏழைக்கு மேலேறும் வழி வயலில் இருந்ததைவிடக் காகிதத்தில் இருந்தது. சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்க 1881இல் ஓர் ஆணை வழிவிட்டது. ஒடுக்கப்பட்ட சாதியினரிலும் கிறிஸ்தவர்களிலும் பலர் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். பிரெஞ்சு இந்தோசீனாவின் அலுவலகங்களிலும் பட்டாளத்திலும் அவர்களுக்கு இடம் கிடைத்தது.

பிறகு 1962 ஆகஸ்ட் 16. பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த நாள். இங்கே பிறந்து இங்கேயே வசித்தவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை தொடர வேண்டுமென்றால் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். ராணுவத்திலோ அரசுப் பணியிலோ பிரான்சோடு தொடர்பிருந்த குடும்பங்களே அதிகம். 1963 பிப்ரவரியில் கெடு முடிந்தது. ஒரே தெருவில் வளர்ந்த இருவரில் ஒருவருக்குப் பாரிஸில் வேலையும், பிற்காலத்தில் பிராங்கிலும் யூரோவிலும் ஓய்வூதியமும்; மற்றவருக்கு அறுவடைக்கு அறுவடை கூலி. இருவரின் உழைப்பிலும் குறை சொல்ல எதுவுமில்லை.

பொருளாதார அறிஞர் பிராங்கோ மிலனோவிச் இதைத்தான் உலக அளவில் கணக்கிட்டுக் காட்டினார். மனிதர்களின் வருமான வேறுபாட்டில் பாதிக்கு மேல், எந்த நாட்டில் வாழ்கிறார்கள் என்பதாலேயே தீர்மானமாகிறது என்பது அவர் முடிவு. ஏணியின் படிகளை எண்ணுவதற்கு முன், ஏணி எந்தத் தரையில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பிரான்சில் அடிப்படியில் நிற்பவரும் இங்கே நடுப்படியில் நிற்பவரைவிட அதிகம் சம்பாதிக்கலாம். நேஷனாலிட்டிக்கும், சபர் (பிழைக்க வெளிநாடு) போகும் வளைகுடா விசாவுக்கும் உள்ள மதிப்பின் கணக்கு இதுதான். இதைப் பேராசை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஊரிலேயே வயலை நம்பி இருப்பவரின் கதை வேறு. காவிரித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டி.எம்.சி. காரைக்காலுக்கானது, கர்நாடகம், தமிழ்நாடு எல்லாம் தாண்டிக் கடைமடைக்கு வந்து சேர வேண்டிய தண்ணீர் அது. குறுவை தேறுமா என்பதை நாற்று நடும் கைகள் முடிவு செய்வதில்லை.

மிச்சமிருப்பது படிப்பு. திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. இருக்கிறது, நகரில் ஜிப்மர் கிளை இருக்கிறது. ஆனால் இங்கும் ஒரு கோடு குறுக்கிடுகிறது. என்.ஐ.டி. இடங்களில் பாதி அந்தந்த மாநிலத்தாருக்கு. பிளஸ் 2 எங்கே தேறினார் என்பதை வைத்துத்தான் மாநிலம் முடிவாகும். நாகூரில் படித்தால் திருச்சி என்.ஐ.டி.யின் தமிழ்நாட்டுப் பங்கு, வாஞ்சூர் எல்லையைத் தாண்டிக் காரைக்காலில் படித்தால் புதுச்சேரிப் பங்கு.

கோட்டின் சரியான பக்கத்தில் இருந்தாலும் ஜே.இ.இ. நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குப் பணம் வேண்டும். அந்தப் பணத்தை உழைப்பு என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் மதிப்பெண்ணில் அது உழைப்பாகவே தெரிகிறது. மருத்துவப் படிப்பில் இதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது: தமிழ்நாடு 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு தந்தது, 2023இல் புதுச்சேரி 10 சதவீதம் தந்தது. கட்டுமரக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் அது திறந்திருக்கும் வழி. திருவேட்டக்குடி என்.ஐ.டி.யில் அரசுப் பள்ளிக்கென்று அப்படியோர் ஒதுக்கீடு இல்லை.